ரேங்க் பட்டியலில் இல்லாத கல்லூரியில் அக்கா மகளைச் சேர்க்கலாமா?

தென் மாவட்டம் ஒன்றில் லேத் பட்டறை நடத்தும் வாசகர் ஒருவர் நான்கு பக்கத்துக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றிவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

அக்கா கணவர் தவறி ஆறு வருடமாகிறது. அக்கா மகளின் படிப்பைத் தாய்மாமனான இவர்தான் பார்த்துக்கொள்கிறார். அந்தப் பெண் அரசு உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழியில் பிளஸ் டூ முடித்திருக்கிறாள். பொறியியல் கட்-ஆஃப் 168.5, பி.சி. வகுப்பு. பட்டறையில் கிடக்கும் பழைய யு.பி.எஸ். போர்டுகளைப் பிரித்துப் போட்டு எந்தக் கெப்பாசிட்டர் போயிருக்கிறது என்று பார்ப்பதில் அவளுக்கு ஆர்வம், அதனால் எலக்ட்ரானிக்ஸ் கேட்கிறாள். மாமாவோ என்.ஐ.ஆர்.எஃப். என்கிற மத்திய அரசின் கல்லூரித் தரவரிசையில் முதல் நூறில் வரும் தமிழ்நாட்டுக் கல்லூரிகளை எல்லாம் ஒரு டைரியில் எழுதிவைத்து, போன வருடக் கட்-ஆஃபோடு ஒப்பிட்டுப் பார்த்து, கலந்தாய்வில் ஒன்றும் கிடைக்காது என்ற முடிவுக்கு வந்துவிட்டார். இந்த நேரத்தில் கன்சல்டன்சி ஆள் ஒருவர், பெயர் பெற்ற நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஒன்றில் கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட் வாங்கித் தருவதாகவும், ஐம்பதாயிரம் அட்வான்ஸும் ஒரிஜினல் மார்க் ஷீட்டும் இந்த வாரமே வேண்டும் என்றும் சொல்கிறார். பட்டறை இருக்கும் இடத்தை அடமானம் வைக்கலாமா என்று யோசனை. இவருடைய பெரியப்பா மகன் ஒருவன் பெங்களூரில் எஞ்சினியர். "டாப் காலேஜ் இல்லைன்னா கம்பெனி எட்டிக்கூடப் பார்க்காது" என்கிறானாம். அந்தப் பையன் எஞ்சினியராக இருப்பதால் முதல் பட்டதாரிச் சலுகையும் கிடைக்காதே என்று ஒரு கவலை. "பிள்ளையைக் கேட்டால், நீங்க எது சொன்னாலும் சரி மாமா என்கிறாள்" என்று முடித்திருக்கிறார்.

சரி, பதிலுக்கு வருகிறேன்.

அவசரமான விஷயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்: அந்த ஐம்பதாயிரத்தைக் கொடுக்காதீர்கள், ஒரிஜினலையும் கொடுக்காதீர்கள். காரணத்தைக் கீழே சொல்கிறேன். இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே அவர் போன் செய்தால், "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று வைத்துவிடுங்கள்.

நான் பத்தொன்பது வருடம் ஈ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன்) பாடம் எடுத்தவன். அதில் ஆறு வருடம், பிள்ளைகளுக்கு வேலை ஏற்பாடு செய்கிற பிளேஸ்மென்ட் செல்லிலும் இருந்தேன். கல்லூரிகள் தங்களைப் பற்றி வெளியே எப்படிச் சொல்லிக்கொள்ளும், உள்ளே எப்படி இருக்கும் என்று இரண்டையும் பார்த்திருக்கிறேன். உங்கள் டைரி வேலை வீண் போகவில்லை. ஆனால் நீங்கள் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது ரேங்க்கை மட்டும். அதைவிடப் பயனுள்ள ஒன்று அதே இடத்தில் இலவசமாகக் கிடக்கிறது, அதைத் திறந்து பார்க்கிறவர்கள் ரொம்பக் குறைவு.

ரேங்க் எதை அளக்கிறது

என்.ஐ.ஆர்.எஃப்.பின் முதல் பட்டியல் 2016ல் வந்தது. பொறியியல் பிரிவில் நூற்றுக்கு 30 மதிப்பெண் கற்பித்தலுக்கும் வசதிகளுக்கும், 30 ஆராய்ச்சிக்கு, 20 படிப்பை முடித்து வெளியேறுகிறவர்கள் கணக்குக்கு, 10 யார் யாரைச் சேர்த்துக்கொள்கிறார்கள் என்பதற்கு, மீதி 10 மற்றவர்கள் அந்த நிறுவனத்தைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு. இதை உங்கள் பிள்ளையின் கண்ணால் ஒரு தடவை பாருங்கள். ஆராய்ச்சிக் கட்டுரை, காப்புரிமை, ஆராய்ச்சி நிதி இவற்றுக்கு முப்பது மதிப்பெண். பி.எச்டி. மாணவர்கள் நிறைந்த பெரிய நிறுவனம் அதை அள்ளிக்கொள்ளும். மாவட்டத் தலைநகரிலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிற, பி.ஈ. மட்டும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கிற கல்லூரிக்கு அதில் கிடைப்பது சொற்பம். பிற மாநிலத்துப் பிள்ளைகள் எத்தனை பேர் என்றும் ஒரு கணக்கு உண்டு. நம் ஊர்ப் பிள்ளைகளுக்காகவே நடக்கிற அரசுக் கல்லூரி அதிலும் அடிவாங்கும். பெயர் தெரிந்தவர்களுக்குத்தான் அந்தக் கடைசிப் பத்து என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொன்று, இதில் கலந்துகொள்வது கட்டாயம் கிடையாது. விண்ணப்பிக்காத கல்லூரி பட்டியலில் வராது. நூறுக்குப் பிறகு 101 முதல் 150, 151 முதல் 200, 201 முதல் 300 என்று கொத்தாகத்தான் போடுகிறார்கள், அதற்குள் ரேங்க்கே இல்லை. தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் நானூறுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இருக்கின்றன. முதல் நூறில் இல்லாததெல்லாம் மோசம் என்று வைத்துக்கொண்டால் அத்தனையையும் ஒரே கோணியில் போட்டுக் கட்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அந்தக் கோணிக்குள் உண்மையிலேயே மூட வேண்டிய கல்லூரியும் இருக்கிறது, என் சொந்தப் பிள்ளையைத் தயங்காமல் அனுப்பக்கூடிய கல்லூரியும் இருக்கிறது. பிரித்தெடுப்பதுதான் வேலை.

ரேங்க்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. ஐ.ஐ.டி. மெட்ராஸ் முதல் பட்டியலிலிருந்து பொறியியலில் முதலிடத்திலேயே இருக்கிறது, அதில் யாருக்கும் சந்தேகமில்லை. முதல் இருபது முப்பதுக்குள் ரேங்க் ஓரளவு உண்மையைச் சொல்லும். எண்பதாவதாக வருவதற்கும் 101 முதல் 150 கொத்தில் வருவதற்கும் நடுவில் உங்கள் பிள்ளை உட்காரப் போகும் வகுப்பறையில் என்ன வித்தியாசம் என்று கேட்டால், ஒன்றும் சொல்லாது. பணம் சம்பந்தமாக மட்டும் ஓர் இடத்தில் ரேங்க் உதவும், அதைக் கடன் பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ரேங்க்கை விட்டுவிட்டுத் தாள்களைப் படியுங்கள்

என்.ஐ.ஆர்.எஃப்.பில் கலந்துகொண்ட கல்லூரி தான் கொடுத்த விவரங்களைத் தன் இணையதளத்திலும் போட வேண்டும். 'என்.ஐ.ஆர்.எஃப்.' என்று ஒரு லிங்க் பக்கத்தின் அடியில் எங்காவது இருக்கும். ரேங்க் கிடைக்காத கல்லூரியின் தாளும் அங்கே இருக்கும், அதுதான் நமக்கு வேண்டும். திறந்தால் 'நான்கு வருட இளநிலைப் படிப்பு' என்று ஒரு அட்டவணை வரும்: முதல் வருடம் சேர்ந்தவர்கள், டிப்ளமோ முடித்து நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்ந்தவர்கள், குறித்த காலத்தில் படிப்பை முடித்தவர்கள், வேலை கிடைத்தவர்கள், சம்பளத்தின் நடு எண், மேல்படிப்புக்குப் போனவர்கள். சம்பளத்தை மட்டும் எண்ணிலும் எழுத்திலும் போட்டிருப்பார்கள், செக் எழுதுகிற மாதிரி.

எப்படிப் படிப்பது என்று காட்ட நானே சில எண்களைப் போடுகிறேன். சேர்ந்தவர்கள் 300, நேரடி இரண்டாம் ஆண்டு 40, குறித்த காலத்தில் முடித்தவர்கள் 231, வேலை கிடைத்தவர்கள் 150, மேல்படிப்பு 12, சம்பள நடு எண் மூன்று லட்சம். கல்லூரியின் பேனரில் இது "150 ஆஃபர்கள், உச்ச சம்பளம் 12 லட்சம்" என்று வரும். நீங்கள் போட வேண்டிய கணக்கு வேறு. 340 பேர் உள்ளே போனார்கள், 231 பேர் நாலு வருடத்தில் வெளியே வந்தார்கள். மீதி 109 பேர் என்ன ஆனார்கள்? அரியர் வைத்துக்கொண்டு இருப்பார்கள், சிலர் பாதியில் நின்றிருப்பார்கள். அப்புறம், முடித்த 231 பேரில் மேல்படிப்புக்குப் போன 12 பேரைக் கழித்தால் 219. அதில் 150 பேருக்கு வேலை, அதாவது மூன்றில் இரண்டு பேருக்கு. நடு எண் மூன்று லட்சம் என்றால், வேலை கிடைத்தவர்களைச் சம்பள வரிசையில் நிற்க வைத்தால் நடுவில் நிற்கிறவர் வாங்குவது வருடத்துக்கு மூன்று லட்சம். அந்தப் 12 லட்சத்துக்காரர் வரிசையின் கோடியில் ஒற்றை ஆளாக நிற்கிறார். இதையே மூன்று வருடத் தாள்களுக்கும் ஐந்தாறு கல்லூரிகளுக்கும் போட்டு உங்கள் டைரியில் எழுதிப் பாருங்கள். ஒரு சாயங்கால வேலை. தமிழ் வழியில் படித்துவிட்டுப் போகிற பிள்ளைக்கு அந்த 109 என்கிற எண்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது, சம்பளத்தைவிட.

கல்லூரி தானே கொடுத்த கணக்குத்தானே, பொய் எழுதமாட்டார்களா என்று கேட்பீர்கள். எழுதலாம். அதனால் இன்னும் இரண்டு தாள்களோடு ஒத்துப் பார்க்கலாம். இணைப்புக் கல்லூரிகளின் செமஸ்டர் தேர்ச்சி விகிதத்தை அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடுகிறது. அது கல்லூரி எழுதிய கணக்கு கிடையாது, தேர்வு நடத்தியவர்களின் கணக்கு. தன்னாட்சிக் கல்லூரிகள் தாங்களே தேர்வு நடத்துவதால் அந்தப் பட்டியலில் வராது, அதைப் பார்த்து ஏதோ குறை என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டாவது, தொழில்நுட்பக் கல்வியைக் கண்காணிக்கிற மத்திய அமைப்பான ஏ.ஐ.சி.டி.இ.யின் விதிப்படி ஒவ்வொரு கல்லூரியும் 'மேன்டேட்டரி டிஸ்க்ளோஷர்' என்று ஒரு ஆவணத்தை இணையதளத்தில் போட வேண்டும். அதில் ஆசிரியர் பட்டியலைப் பாருங்கள். சேர்ந்த தேதி கொடுத்திருந்தால் ஈ.சி.இ. துறையில் எத்தனை பேர் ஐந்து வருடத்துக்கு மேல் இருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். பாதிப் பேராவது இருந்தால் எனக்குத் திருப்தி. எல்லோரும் போன வருடம் வந்தவர்கள் என்றால் சம்பளம் ஒழுங்காக வருவதில்லை என்று நானாகவே யூகித்துக்கொள்வேன், பெரும்பாலும் தப்பாது.

பட்டியலில் இருக்கிற ஆசிரியர் கல்லூரியில் இருக்கிறாரா என்பது தனிக் கதை. ஒரே ஆசிரியர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளில் முழுநேரமாக வேலை பார்ப்பதாகக் கணக்கு காட்டப்பட்டிருப்பதை 2024 ஜூலையில் ஊழல் எதிர்ப்பு அமைப்பான அறப்போர் இயக்கம் வெளியே கொண்டுவந்தது நினைவிருக்கும், நூற்றுக்கணக்கான பேர். ஆகவே பட்டியலில் நாலு பெயரைக் குறித்துக்கொண்டு நேரில் போகும்போது "இந்த மேடம் இருக்காங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.

அங்கீகாரம் பற்றி ஒரு வார்த்தை. நாக் என்பது கல்லூரி முழுவதற்கும் கொடுக்கிற கிரேடு. என்.பி.ஏ. என்பது தனித்தனிப் படிப்புக்குக் கொடுப்பது. வாசலில் பெரிதாக ஏ பிளஸ் என்று எழுதியிருந்தாலும் ஈ.சி.இ.க்கு என்.பி.ஏ. இருக்கிறதா, எந்த வருடம் வரை என்றுதான் கேட்க வேண்டும். காலாவதியான பிறகும் போர்டை இறக்காத இடங்கள் உண்டு.

நல்ல ஆனால் பேசப்படாத இடங்கள்

நீங்கள் டைரியில் ஒதுக்கிவிட்ட ஒரு கூட்டம் இருக்கிறது. அரசுப் பொறியியல் கல்லூரி என்றால் கோவை ஜி.சி.டி.யோடு நிறுத்திக்கொள்கிறோம். காரைக்குடி அழகப்பா செட்டியார் கல்லூரி 1952லிருந்து இருக்கிறது, சேலம் 1966லிருந்து, திருநெல்வேலி 1981லிருந்து. வேலூர் பாகாயத்தில் ஒன்று, பர்கூரில் ஒன்று, ஈரோட்டில் ஒன்று. அப்புறம் 2012, 2013 வாக்கில் வந்த போடி, செங்கிப்பட்டி, ஸ்ரீரங்கம், தர்மபுரி. இவை போக அண்ணா பல்கலைக்கழகமே நேரடியாக நடத்தும் மண்டல வளாகங்கள் மதுரை, திருநெல்வேலி, கோவையில். உறுப்புக் கல்லூரிகள் திண்டுக்கல், ராமநாதபுரம், நாகர்கோவில், பட்டுக்கோட்டை என்று பல ஊர்களில். காரைக்குடியில் மத்திய அரசின் மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையமான சிக்ரியில் ஒரு பி.டெக். இருக்கிறது, வேதியியலில் நல்ல மார்க் எடுத்த பிள்ளைகள்கூட அந்தப் பெயரைக் கேள்விப்பட்டிருப்பதில்லை. பாட்டரி, மின்முலாம், துரு இதெல்லாம் அங்கே ஆராய்ச்சிக்கூடத்துக்குள்ளேயே படிக்கிற விஷயம். யு.பி.எஸ். பிரிக்கிற பெண்ணுக்கு அதையும் ஒரு தடவை காட்டுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள்.

இவற்றில் எல்லாம் 168.5க்குக் கிடைக்கும் என்று நான் சொல்லவில்லை. சில இடங்களில் ஈ.சி.இ. எட்டாது, ஈ.இ.இ. (எலக்ட்ரிக்கல்) எட்டலாம். போன வருடக் கட்-ஆஃபைக் கல்லூரி, பாடப்பிரிவு, வகுப்பு வாரியாகக் கலந்தாய்வு இணையதளத்தில் பார்க்கலாம். உங்கள் கடிதத்தில் இருக்கும் எண்களைப் பார்த்தால் நீங்கள் ஓ.சி. (பொதுப்பிரிவு) பத்தியைப் பார்த்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது, பி.சி. பத்தியைப் பாருங்கள். ஒரு வருட எண்ணை மட்டும் நம்பாமல் இரண்டு மூன்று வருடம் பாருங்கள், ஒரு வருடம் சரிந்தால் அடுத்த வருடம் ஏறும்.

அரசுக் கல்லூரியில் குறையே இல்லை என்றும் சொல்லமாட்டேன். நிரப்பாத பணியிடங்கள் இருக்கும், கௌரவ விரிவுரையாளர்களை வைத்து ஓட்டுவார்கள், உறுப்புக் கல்லூரிகளில் தற்காலிக ஆசிரியர்கள் அதிகம். பிளேஸ்மென்ட் அதிகாரி பாதி நேரம் தெர்மோடைனமிக்ஸும் எடுத்துக்கொண்டிருப்பார். கம்பெனி வரிசையாக வந்து நிற்காது. ஆனால் கட்டணம் குறைவு, கூடப் படிக்கிறவர்கள் மார்க் எடுத்து வந்தவர்கள், முப்பது நாற்பது வருடப் பழைய மாணவர்கள் மின்வாரியத்திலும் பொதுத்துறையிலும் இருப்பார்கள். என்னைக் கேட்டால், கூடப் படிக்கிறவர்கள் யார் என்பதற்கு ஆசிரியருக்குச் சமமான எடை கொடுப்பேன். ராத்திரி பதினோரு மணிக்கு ஹாஸ்டலில் கணக்கு சொல்லிக்கொடுப்பது அவர்கள்தான்.

தனியார் சுயநிதிக் கல்லூரிகளில் நல்லவை எவை என்று நான் பெயர் சொல்லப் போவதில்லை. நான் சொன்னால் அதுவும் இன்னொரு ரேங்க் பட்டியலாகிவிடும். மேலே சொன்ன தாள்களை வைத்து நீங்களே எடுத்துவிடலாம். ஒரே ஒரு எச்சரிக்கை. ஏ.ஐ.சி.டி.இ. 2024-25லிருந்து சேர்க்கை எண்ணிக்கை உச்சவரம்பை எடுத்துவிட்டதால், நன்றாக ஓடும் கல்லூரிகள் கம்ப்யூட்டர் சயின்ஸையும் அதன் புதுப் பெயர்களையும் வகுப்பு மேல் வகுப்பாகக் கூட்டிக்கொண்டிருக்கின்றன. இடம் கூடியதால் கட்-ஆஃப் இறங்கி, பெரிய பெயர்கள் முன்பைவிடக் கைக்கு எட்டும். ஆசிரியர்கள் அதே வேகத்தில் கூடினார்களா என்று கேளுங்கள். இன்னும் ஒரு செட் மாணவர்கள்கூட வெளியே வராத புதுப் பாடப்பிரிவு என்றால் அதற்கு எந்தத் தாளிலும் எண் இருக்காது. எலக்ட்ரானிக்ஸிலேயே இப்போது வி.எல்.எஸ்.ஐ. (சிப் வடிவமைப்பு) என்றும் அட்வான்ஸ்டு கம்யூனிகேஷன் என்றும் தனிப் பிரிவுகள் வந்திருக்கின்றன. பெயர் கவர்ச்சியாக இருக்கும், பழைய ஈ.சி.இ. அதே கல்லூரியில் கிடைத்தால் அதையே எடுப்பது பத்திரம் என்பது என் கருத்து.

நேரில் ஒரு நாள்

மூன்று கல்லூரிகளாகச் சுருக்கிய பிறகு, வேலை நாள் ஒன்றில், சொல்லாமல், பிள்ளையையும் அழைத்துக்கொண்டு போங்கள். அட்மிஷன் ஆபீஸில் காட்டுகிற ஏசி ஹாலையும் நீச்சல் குளத்தையும் பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். எலக்ட்ரானிக்ஸ் லேப் எங்கே என்று கேளுங்கள். மின் அலையைத் திரையில் காட்டுகிற சி.ஆர்.ஓ. மேல் உறை போட்டிருந்தால் அதைத் தொட்டுப் பாருங்கள், தூசி விரலில் வரும். சர்க்யூட் போட்டுப் பழகுகிற பிரெட்போர்டு தேய்ந்திருக்க வேண்டும், கம்பி குத்திக் குத்தி ஓட்டை தளர்ந்திருக்க வேண்டும். புத்தம் புதிதாக இருந்தால் அதில் யாரும் வேலை செய்யவில்லை. நீங்கள் லேத் பட்டறைக்காரர், ஒரு மெஷின் ஓடுகிறதா சும்மா நிற்கிறதா என்று பார்த்ததும் தெரியும். அந்தக் கண்ணை இங்கேயும் வையுங்கள், என்னைவிட நீங்கள் நன்றாகக் கண்டுபிடிப்பீர்கள்.

நான் வேலை பார்த்த ஓர் இடத்தில் இன்ஸ்பெக்‌ஷன் என்றால் முந்தின நாள் ராத்திரி அதே நிர்வாகத்தின் பக்கத்துக் கல்லூரியிலிருந்து வேனில் கருவிகள் வரும். ஸ்டிக்கரை உரித்துவிட்டு எங்கள் ஸ்டிக்கரை ஒட்டுவோம், மறுநாள் சாயங்காலம் திரும்பப் போகும். ஒட்டியவர்களில் நானும் ஒருவன். அதனால்தான் சொல்லாமல் போங்கள் என்கிறேன்.

அப்புறம் கேட்டுக்கு எதிரே டீக்கடை இருக்கும். கடைசி வருடப் பிள்ளைகள் நாலு பேர் நிற்பார்கள். "காலேஜ் நல்லா இருக்கா?" என்று கேட்டால் உம் என்பார்கள், பயனில்லை. "இந்த வருஷம் எத்தனை சார் மாறினாங்க? உங்க கிளாஸில் எத்தனை பேருக்கு ஸ்டாண்டிங் அரியர் இருக்கு? போன வருஷம் வந்த கம்பெனியில் எத்தனை பேரைக் கூப்பிட்டுச் சேர்த்துக்கொண்டான்?" என்று எண்ணாகக் கேளுங்கள். ஆஃபர் லெட்டர் கொடுத்துவிட்டு ஒரு வருடம் வரை கூப்பிடாமல் வைத்திருப்பது சகஜம், அது எந்தத் தாளிலும் வராது, அந்தப் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

"கம்பெனி எட்டிப் பார்க்காது"

உங்கள் பெரியப்பா மகன் சொல்வதில் பாதி உண்மை. சிறிய கல்லூரிக்குக் கம்பெனிகள் குறைவாகத்தான் வரும், அதிலும் சிப் டிசைன் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் ரொம்பக் குறைவு. பெருமளவில் ஆள் எடுக்கும் மென்பொருள் நிறுவனங்கள் பல கல்லூரிகளைச் சேர்த்து ஒரே இடத்திலும், ஆன்லைன் தேர்வு வைத்தும் எடுக்கின்றன. அவர்கள் பொதுவாகக் கேட்பது பத்து, பன்னிரண்டு, டிகிரி எல்லாவற்றிலும் அறுபது சதவீதமும் அரியர் இல்லாமையும். பொதுத்துறைக்கும் ஐ.ஐ.டி.யில் எம்.டெக்.குக்கும் கேட் (GATE) என்கிற தேசிய நுழைவுத் தேர்வு இருக்கிறது, விடைத்தாளில் கல்லூரிப் பெயருக்கு மார்க் கிடையாது. என்னிடம் படித்தவர்களில் பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து இரண்டாவது முயற்சியில் கேட் எழுதிப் போனவர்கள் இருக்கிறார்கள். அதே கல்லூரியில் ஐந்து வருடமாகியும் சரியான வேலை அமையாதவர்களும் இருக்கிறார்கள், அதையும் மறைக்கக் கூடாது. இரண்டாவது வருடத்திலேயே தானாக விண்ணப்பிக்கப் பழகிக்கொண்ட பிள்ளை சமாளித்துவிடுகிறது, கல்லூரி கூட்டிக்கொண்டு போய் உட்கார வைக்கும் என்று காத்திருக்கிற பிள்ளை சிறிய கல்லூரியில் கஷ்டப்படும். உங்கள் அக்கா மகள் இதில் எந்த ரகம் என்பது உங்களுக்குத்தான் தெரியும், போர்டைத் தானே பிரிக்கிறவள் என்பது நல்ல அறிகுறி.

தமிழ் வழியிலிருந்து போகிறவளுக்கு முதல் இரண்டு செமஸ்டர் கடினமாக இருக்கும். கணிதத்தில் இல்லை, ஆங்கிலத்தில் நடத்துகிற இயற்பியலில் திணறுவார்கள். ஆயிரம் பேர் சேர்கிற வளாகத்தில் அவள் கை தூக்கிக் கேட்பாளா, அறுபது பேர் வகுப்பில் கேட்பாளா?

அட்வான்ஸ், அடமானம், சலுகைகள்

நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தமிழ்நாட்டு ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்குள் வராது. அங்கே சேர்ந்தால் முதல் பட்டதாரிச் சலுகை கிடைக்காது. கலந்தாய்வுக் கல்லூரியிலேயே நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்ந்தாலும் கிடைக்காது. கன்சல்டன்சி ஆள் இதைச் சொல்லியிருக்கமாட்டார். நிர்ணயித்த கட்டணத்துக்கு மேல் நன்கொடை வாங்குவதைத் தமிழ்நாட்டில் 1992ஆம் வருடச் சட்டமே தடை செய்கிறது, ரசீது இல்லாமல் இடைத்தரகர் கையில் கொடுக்கிற பணத்தை நாளைக்கு எங்கேயும் போய்க் கேட்க முடியாது. ஒரிஜினல் சான்றிதழைக் கல்லூரியே பிடித்து வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி.யும் ஏ.ஐ.சி.டி.இ.யும் சொல்லியிருக்கும்போது, தெருவில் போகிற தரகருக்கு அது எதற்கு? அது கையில் இருந்தால் நீங்கள் மனம் மாறமுடியாது, அதற்குத்தான். அந்தப் பல்கலைக்கழகத்தில்தான் சேர்க்க வேண்டுமென்றால் நேராக அதன் அலுவலகத்துக்கே விண்ணப்பியுங்கள்.

பட்டறை இடத்தை அடமானம் வைக்காதீர்கள். அக்கா குடும்பத்துக்கும் உங்கள் குடும்பத்துக்கும் சோறு போடுவது அதுதான். கல்விக் கடனில் 7.5 லட்சம் ரூபாய் வரை சொத்து அடமானம் இல்லாமல் கொடுக்க அரசின் உத்தரவாத நிதி இருக்கிறது. வங்கி மேனேஜர் தயங்கினால் கல்விக் கடனுக்கான அரசு இணையதளமான வித்யாலக்ஷ்மியில் விண்ணப்பித்துவிட்டு அந்த எண்ணோடு போங்கள், வாய்வார்த்தையாக மறுக்க முடியாது. ரேங்க் உதவும் இடம் என்று சொன்னேனே, அது இங்கேதான். 2024ல் வந்த பி.எம். வித்யாலக்ஷ்மி திட்டத்தில் முதல் நூறில் உள்ள நிறுவனங்களுக்கும், 101 முதல் 200 வரையுள்ள மாநில அரசு நிறுவனங்களுக்கும், மத்திய அரசு நிறுவனங்களுக்கும் கடன் இன்னும் சுலபம். அதற்காக மட்டும் கல்லூரியை மாற்ற வேண்டாம். அரசுக் கல்லூரி கிடைத்தால் கடன் தொகையே சின்னதாகிவிடும்.

முதல் பட்டதாரிக்கு வருகிறேன். தாத்தா பாட்டி, அப்பா அம்மா, கூடப் பிறந்தவர்கள் இவர்களில் யாரும் பட்டதாரி இல்லையா என்றுதான் பார்ப்பார்கள். பெரியப்பா மகன் பெங்களூரில் எஞ்சினியராக இருப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. உங்கள் கடிதத்தின்படி அவள் தகுதியானவள். 7.5 சதவீத உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும், உதவி பெறும் பள்ளி அதில் வராது. ஆனால் புதுமைப் பெண் திட்டம் உதவி பெறும் பள்ளியில் தமிழ் வழி படித்தவர்களுக்கும் நீட்டிக்கப்பட்டிருக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்தே அப்படிப் படித்திருந்தால் மாதம் ஆயிரம் ரூபாய் அவள் கணக்கில் வரும், பஸ் பாஸுக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் ஆகும்.

சாய்ஸ் நிரப்பும்போது

இதில்தான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள். "இது எப்படியும் கிடைக்காது" என்று ஆசைப்பட்ட கல்லூரியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். கணினி மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வந்து முதலில் எட்டுவதைக் கொடுக்கும். எட்டாத ஒன்றை மேலே வைத்ததால் கீழே இருப்பது பறிபோகாது. எத்தனை வேண்டுமானாலும் கொடுக்கலாம், முப்பது நாற்பது கொடுங்கள். வரிசை மட்டும் உண்மையான விருப்பப்படி இருக்கட்டும், பயத்தின்படி வேண்டாம். 168.5 என்றால் பெரும்பாலும் இரண்டாம் சுற்றில் வருவீர்கள். ஒதுக்கீடு வந்ததும் 'ஏற்றுக்கொண்டு சேர்கிறேன்', 'ஏற்றுக்கொண்டு மேலே உள்ளதற்குக் காத்திருக்கிறேன்' என்று வழிகள் கேட்கும். கெடுவுக்குள் எதையும் அழுத்தாவிட்டால் சீட் போய்விடும், அந்த இரண்டு மூன்று நாள் பட்டறையில் ஆர்டர் எடுக்காதீர்கள்.

அந்தப் பட்டியலை அவள் கையால் எழுதச் சொல்லுங்கள். நாலு பக்கக் கடிதத்தில் பிள்ளை பேசியது ஒரே ஒரு வரி. "நீங்க எது சொன்னாலும் சரி மாமா" என்பதை நான் சம்மதமாக எடுத்துக்கொள்ளமாட்டேன், நீங்கள் செலவழிக்கிறீர்கள் என்ற கூச்சத்தில் சொல்லியிருக்கலாம். அக்கா தனியாக இருப்பதால் பஸ்ஸில் போய்வருகிற தூரத்தை அவள் மனதில் வைத்திருக்கலாம், அல்லது ஒரு தடவையாவது ஊரைவிட்டு ஹாஸ்டலுக்குப் போக நினைத்திருக்கலாம். பணத்தைப் பற்றி நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு, உங்கள் டைரியைத் திறந்து அவளிடம் கொடுத்துவிட்டு, கொஞ்ச நேரம் பட்டறைக்குப் போய்விடுங்கள்.

முதல் பட்டதாரிச் சான்றிதழுக்கு நாளைக்கே இ-சேவையில் போட்டுவிடுங்கள். வி.ஏ.ஓ., ஆர்.ஐ., துணை வட்டாட்சியர் என்று மூன்று மேஜை தாண்ட வேண்டும், கலந்தாய்வு நேரத்தில் அத்தனை பேரும் அதற்குத்தான் வரிசையில் நிற்பார்கள்.